எதற்குப் போதவில்லை? – ஆங்கிலச் சொற்கள் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

'இன்சஃபிஷியன்ட்' என்னும் சொல்லுக்குச் சென்ற இதழில் சுருக்கமாக விடை எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து, போதாமையையும் குறைவையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியே பல கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 'இன்சஃபிஷியன்ட்', 'இனாடிக்வெட்' இரண்டுக்கும் 'போதாத' என்றும், 'டெஃபிஷியன்ட்' என்பதற்குக் 'குறைபாடுள்ள' என்றும் அகராதி பொருள் தருகிறது. மாணவர்கள் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எதை எங்கே எழுதுவது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– பள்ளி ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன், 'எதற்குப் போதவில்லை?' என்று ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். மூன்று சொற்களும் குறையைத்தான் சொல்கின்றன என்றாலும், அந்தக் குறையை அளக்கும் கோல் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எண்ணியோ அளந்தோ பார்க்கக்கூடிய ஒன்று தேவைப்பட்ட அளவை எட்டாதபோது வருவது 'இன்சஃபிஷியன்ட்'. பத்தாயிரம் ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்தவரின் கணக்கில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்தான் இருந்தது என்றால், காசோலையைத் திருப்பும்போது வங்கி இணைக்கும் சீட்டில் 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்று காரணம் குறிக்கப்பட்டிருக்கும். காசோலை திரும்பினால் வழக்குத் தொடர வழிசெய்யும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவும் இதே சொல்லைத்தான் ஆள்கிறது. நூறு ரூபாய் குறைந்தாலும் ஒரு லட்சம் குறைந்தாலும் சொல் மாறாது. இருக்கும் பணம் நல்ல பணமா என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை; அளவு எட்டவில்லை, அவ்வளவுதான்.

'இனாடிக்வெட்' அளவோடு நிற்பதில்லை. 'சமமாக்குதல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லாகையால், செய்ய வேண்டிய வேலைக்கோ இருக்க வேண்டிய தரத்துக்கோ ஈடாகாத எதையும் அது குறிக்கும். ஒரு மருத்துவமனையில் நூறு படுக்கைகள் இருக்க, நூற்றைம்பது நோயாளிகள் வந்துவிட்டால் படுக்கைகள் 'இன்சஃபிஷியன்ட்'. படுக்கைகள் தாராளமாக இருந்தும் ஆக்சிஜன் இணைப்பும் இரவுப் பணிக்குச் செவிலியரும் இல்லையென்றால், அங்கே சிகிச்சை வசதி 'இனாடிக்வெட்'. மனிதருக்குப் பொருந்துவதும் இந்தச் சொல்தான். 'ஐ ஃபீல் இனாடிக்வெட்' என்று ஒருவர் சொன்னால், ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு ஈடுகொடுக்க முடியாதவராகத் தம்மை உணர்கிறார் என்று பொருள். அந்த இடத்தில் 'இன்சஃபிஷியன்ட்' என்று எழுதினால் தம்மையே கிலோக் கணக்கில் நிறுத்துக் காட்டுவதுபோல் இருக்கும்.

இவ்விரண்டு சொற்களின் வேறுபாட்டை மிகக் கூர்மையாகப் பிடித்து வைத்திருப்பது ஒப்பந்தச் சட்டம். ஒப்பந்தத்தில் ஒருவர் தருவதற்கு மாற்றாக மற்றவர் தரும் மறுபயன் 'சஃபிஷியன்ட்' ஆக இருக்க வேண்டும், 'அடிக்வெட்' ஆக இருக்கத் தேவையில்லை என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதி. கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இவ்விதியின் கருத்து இதுதான்: சட்டத்தின் கண்ணில் மதிப்புள்ள ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால் போதும், அது பொருளின் சந்தை விலைக்கு ஈடாக இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்காது. ஒரேயொரு மிளகு கொடுத்தாலும் போதும் என்பது அந்நாட்டு வழக்கறிஞர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 25ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் ஒப்புக்கொள்வதை உவமையாகக் காட்டுகிறது. அவர் மனமுவந்து சம்மதித்திருந்தால், மறுபயன் 'இனாடிக்வெட்' ஆக இருந்தாலும் ஒப்பந்தம் செல்லும். மனமுவந்து சம்மதிக்கவில்லை என்று அவர் மறுத்தால், அந்த ஈடின்மையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் போதுமா, ஈடாகுமா என்பவை இரு வேறு கேள்விகள் என்பதைப் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கவைக்க இந்தக் குதிரையைவிட நல்ல துணை கிடையாது.

'டெஃபிஷியன்ட்' என்பது மூன்றாவது வகை. முழுமை என்று கருதப்படும் ஒன்றில் இருந்தாக வேண்டிய கூறு இல்லாமலோ குறைந்தோ இருப்பதை அது சொல்லும். எந்தக் கூறு என்பதைச் சொல்ல 'இன்' என்னும் முன்னிடைச்சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். 'டெஃபிஷியன்ட் இன் அயர்ன்' என்றால் இரும்புச் சத்துக் குறைந்த உணவு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'டெஃபிஷியன்ஸி' என்பதற்கு விளக்கம் தரும்போது, 'ஃபால்ட்', 'இம்பெர்ஃபெக்‌ஷன்', 'ஷார்ட்கமிங்', 'இனாடிக்வஸி' என நான்கு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் எந்தப் பக்கமும் சந்து விடக்கூடாது என்பதற்காக இப்படி அடுக்குவார்கள். கட்டுரை எழுதும் மாணவர் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வைட்டமின் டி 24 என்றும் அருகில் 'இன்சஃபிஷியன்ட்' என்றும் அச்சிட்டிருந்தது. என் சகோதரியின் அறிக்கையில் 14, 'டெஃபிஷியன்ட்'. இரண்டும் ஒன்றா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: அந்தத் தாளில் இரண்டும் ஒன்றல்ல, உங்கள் சகோதரியின் குறைவே பெரியது. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் 'டெஃபிஷியன்ஸி' என்றும், 21 முதல் 29 வரை 'இன்சஃபிஷியன்ஸி' என்றும், 30க்கு மேல் போதுமானது என்றும் வகுத்தது. 2024இல் வெளிவந்த புதிய வழிகாட்டுதல் இந்த எல்லைக்கோடுகளைக் கைவிட்டுவிட்ட போதிலும், ஆய்வகங்களின் தாள்களில் பழைய பிரிவுகள் தொடர்கின்றன. ஆகவே சொல்லைப் பார்த்து அஞ்சுவதைவிட, எண்ணை மருத்துவரிடம் காட்டிக் கேட்பது மேல்.

பொதுவாக மருத்துவ ஆங்கிலத்தில், உடலில் இருக்க வேண்டிய ஒரு பொருள் குறைந்தால் 'டெஃபிஷியன்ஸி', ஓர் உறுப்பு செய்ய வேண்டிய வேலையைத் தேவையான அளவுக்குச் செய்யாவிட்டால் 'இன்சஃபிஷியன்ஸி' என்று பெரும்பாலும் பகுத்து வழங்குகிறார்கள். இரும்பு, அயோடின், வைட்டமின் எல்லாம் முதல் வகை. சிறுநீரகம் ரத்தத்தைப் போதிய அளவு சுத்திகரிக்காததும், இதயத்தின் ஈரிதழ் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிவதும் இரண்டாம் வகை. 'ரீனல் டெஃபிஷியன்ஸி' என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார்.

கேள்வி: 'ஃப்யூ' என்றால் இல்லை, 'எ ஃப்யூ' என்றால் கொஞ்சம் உண்டு என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். அப்படியானால் 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் ஒருவரும் வரவில்லை என்றா பொருள்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. பன்னிரண்டு பேர் வந்த ஒரு கூட்டத்தைப் பற்றி 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றும் சொல்லலாம், 'எ ஃப்யூ பீப்பிள் கேம்' என்றும் சொல்லலாம். எண்ணிக்கை மாறுவதில்லை, சொல்பவரின் மனநிலைதான் மாறுகிறது. இருநூறு நாற்காலி போட்டுக் காத்திருந்தவர் முதல் வாக்கியத்தைச் சொல்வார். ஒருவருமே வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தவர் இரண்டாவதைச் சொல்வார். நம் மொழியில் இந்த வேலையை ஓர் ஏகாரம் செய்துவிடுகிறது: 'சிலர் வந்தனர்' என்பது செய்தி, 'சிலரே வந்தனர்' என்பது மனக்குறை. 'லிட்டில்', 'எ லிட்டில்' என்பவையும் இப்படியே, ஆனால் எண்ண முடியாத பொருளுக்கு. ஒரு கண்ணியை மட்டும் நினைவில் வையுங்கள்: 'க்வைட் எ ஃப்யூ' என்றால் கணிசமான பேர். போதாமைச் சொல் என்று நினைத்து அதைச் 'சொற்பம்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: 'ஹார்ட்லி', 'பேர்லி' இரண்டும் ஒரே பொருளுடையவையா? என் மகனைப் பற்றி ஆசிரியர் 'ஹி பேர்லி பாஸ்ட்' என்று எழுதியனுப்பியதைப் பார்த்து, அவன் தேறவில்லை என்று வீட்டில் எல்லோரும் கலங்கிவிட்டோம்.
– தாயார் ஒருவர், சேலம்

பதில்: உங்கள் மகன் தேறிவிட்டார். 'பேர்லி' என்பது கோட்டைத் தொட்டுவிட்டதைச் சொல்லும், ஆனால் அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை என்பதையும் உடன் சொல்லும். நூற்றுக்கு 35 எடுத்தவரை நம் ஊரில் 'ஜஸ்ட் பாஸ்' என்கிறோமே, அதுவேதான். 'ஹார்ட்லி' என்பது சாய்வில் 'இல்லை' என்ற பக்கம் நிற்கும் சொல். 'ஹி ஹார்ட்லி ஸ்டடீஸ்' என்று எழுதியிருந்தால் அவர் படிப்பதே இல்லை என்னும் அளவுக்கு முறையீடு. ஏற்கெனவே எதிர்மறை உள்ளே இருப்பதால், இவற்றோடு இன்னொரு 'நாட்' சேர்ப்பது பிழையாகும்.

கேள்வி: இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் ஆங்கிலத்தில் 'ஐ ஷல் நாட் வான்ட்' என்று வருகிறது. 'வான்ட்' என்றால் விரும்புவது அல்லவா? தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று இருக்கிறதே, எப்படி?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: தமிழ் வேதாகமம் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறது. 'வான்ட்' என்பதன் முதற்பொருள் இல்லாதிருத்தல், குறைந்திருத்தல். வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய மொழியாகிய நோர்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அது அந்தப் பொருளில்தான் வந்தது. இல்லாததைத்தான் மனிதர் விரும்புகிறார் என்பதால் 'விரும்புதல்' என்னும் பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டு, இன்று முதற்பொருளையே மறைத்துவிட்டது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் படித்தவர்களுக்குக் 'குறைவுபடமாட்டேன்' என்ற பொருளே முதலில் தோன்றியிருக்கும்.

பழைய பொருள் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. பெல்ஷாத்சார் மன்னனின் விருந்தில் சுவரில் எழுந்த எழுத்துக்குத் தானியேல் சொல்லும் விளக்கத்தில், தராசிலே நிறுக்கப்பட்டுக் குறையக் காணப்பட்டாய் என்று தமிழில் வரும் இடத்தில் ஆங்கிலம் 'ஃபவுண்ட் வான்டிங்' என்கிறது. அந்தத் தொடர் வேதாகமத்தை விட்டு வெளியேறி, எதிர்பார்த்த தரத்துக்கு எட்டாத அமைச்சருக்கும் பாலத்துக்கும் இன்று நாளிதழ்களில் பயன்படுகிறது. நீதிமன்றங்களில், வழக்கு நடத்துவோர் வராததால் வழக்கு தள்ளுபடியாகும்போது 'ஃபார் வான்ட் ஆஃப் பிராசிக்யூஷன்' என்று உத்தரவில் எழுதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரோ வழக்கு நடத்த ஆசைப்பட்டதாக எண்ணிய கட்சிக்காரர்கள் உண்டு என்று வழக்கறிஞர் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: 'சால்ட் இஸ் லெஸ்' என்று சொல்வது தவறா?
– இல்லத்தரசி ஒருவர், சென்னை

பதில்: நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், இங்கிலாந்துக்காரருக்கு 'எதைவிட?' என்று கேட்கத் தோன்றும். 'லெஸ்' என்பது ஒப்பீட்டுச் சொல். 'உப்பு கம்மி' என்று நாம் சொல்லும்போது நாக்குக்குத் தேவையான அளவோடு ஒப்பிடுகிறோம், ஆனால் அந்த ஒப்பீட்டை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'தேர் இஸ்ன்ட் இனஃப் சால்ட்' என்றோ, சமைத்தவரை நோகடிக்காமல் 'இட் நீட்ஸ் எ லிட்டில் சால்ட்' என்றோ சொல்வது இயல்பு. காபிக் கடையில் 'லெஸ் ஷுகர்' கேட்பதில் பிழையில்லை. அங்கே வழக்கமாகப் போடும் அளவோடு ஒப்பீடு இருக்கிறது.

கேள்வி: 'ஐ ஆம் லேக் ஆஃப் கான்ஃபிடன்ஸ்', 'ஹி லேக்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' – எது சரி?
– வேலைதேடும் பட்டதாரி, மதுரை

பதில்: இரண்டும் தவறு. 'லேக்' வினையாக வரும்போது அதன் பின் 'ஆஃப்' வராது. பெயராக வரும்போது மட்டுமே வரும். 'ஐ லேக் கான்ஃபிடன்ஸ்' என்று எழுதுங்கள். உண்மையில் வேலை விண்ணப்பத்தில் அதையும் எழுதாமல் இருப்பது நல்லது.

கேள்வி: 'ஸ்கேர்ஸிட்டி', 'ஷார்ட்டேஜ்', 'டெர்த்', 'ஸ்கான்ட்டி' ஆகியவற்றுக்குச் செய்தித்தாள்களில் 'பற்றாக்குறை', 'தட்டுப்பாடு', 'பஞ்சம்' என்று மனம்போனபடி எழுதுகிறார்கள். வரையறை ஏதும் உண்டா?
– ஓய்வுபெற்ற வட்டாட்சியர், திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் முன்னாள் துறைக்கே இதில் ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்து, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானபோது, 'ஸ்கேர்ஸிட்டி' என்பது 'ஃபேமின்' என்பதற்கு ஒரு படி கீழான நிலையின் பெயராக ஆட்சி மொழியில் நிலைபெற்றது. அறிவிக்கப்பட்ட படியைப் பொறுத்தே நிவாரணப் பணிகளும் செலவும் அமையும் என்பதால், எந்தச் சொல்லைக் கோப்பில் எழுதுவது என்பது அதிகாரிக்கு இலக்கண விவகாரமாக இருக்கவில்லை.

பொருளியலாரோ அதே சொல்லை வேறு திசையில் இழுத்துச் சென்றனர். விருப்பங்கள் எல்லையற்றவை, அவற்றை நிறைவேற்றும் வளங்கள் எல்லைக்குட்பட்டவை என்னும் நிரந்தர நிலையே அவர்களுக்கு 'ஸ்கேர்ஸிட்டி'. 1932இல் லயனல் ராபின்ஸ் பொருளியலுக்குத் தந்த இலக்கணமே இதன்மீது நிற்கிறது. தமிழில் 'கிடைப்பருமை' என்று எழுதுகிறார்களே, அது நல்ல ஆக்கம். 'ஷார்ட்டேஜ்' என்பது தற்காலிகமானது: ஒரு குறிப்பிட்ட விலையில் கேட்பவர்களுக்கு எல்லாம் கொடுக்கச் சரக்கு இல்லாத நிலை. அதற்குத் 'தட்டுப்பாடு' மிகப் பொருத்தம். வரவைவிடச் செலவு மிஞ்சும் 'டெஃபிசிட்' என்பதற்கே 'பற்றாக்குறை'யை ஒதுக்கிவைப்பது, வரவு செலவுத் திட்டச் செய்திகளைப் படிப்போருக்கு உதவியாக இருக்கும்.

'டெர்த்' என்பது 'டியர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. விலை ஏறிய பொருள் கிடைப்பது கடினம் என்பதே அதன் கரு. தமிழிலும் 'அருமை', 'அரிது', 'அருந்தல்' ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை. 'இந்த வருஷம் நடவுக்கு ஆள் அருந்தலாக இருக்கிறது' என்று கிராமத்தில் சொல்லும் சொல்லை எழுத்தில் ஏன் கைவிட்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'டெர்த்' என்பதற்கு அதைவிட நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை.

'ஸ்கான்ட்டி' என்பது அன்றாட ஆங்கிலத்தில் மெல்லிய உடைக்கும் சொற்பமான ஆதாரத்துக்கும் வரும் சாதாரணச் சொல். ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறை நெடுங்காலம் அதற்கு எண்ணால் வரம்பு கட்டியிருந்தது. மழை இயல்பைவிட 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் 'டெஃபிஷியன்ட்', 60 முதல் 99 வரை குறைந்தால் 'ஸ்கான்ட்டி'. பிற்காலத்தில் 'ஸ்கான்ட்டி'யை நீக்கி, அந்த இடத்தில் 'லார்ஜ் டெஃபிஷியன்ட்' என்று வைத்துவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது இந்த இரண்டாம் பிரிவில்தான் விழும். அத்தகைய ஆண்டைப் பற்றி 'மழை சற்றுக் குறைவு' என்று செய்தி எழுதினால், மொழிபெயர்ப்பாளர் ஒரு வகுப்பையே கீழே தள்ளிவிட்டதாகிறது.

கேள்வி: என் ஆண்டு மதிப்பீட்டில் மேலதிகாரி 'அடிக்வெட்' என்று எழுதியிருக்கிறார். 'போதுமானவர்' என்பது பாராட்டுத்தானே? நண்பர்கள் வருத்தப்படச் சொல்கிறார்கள்.
– அலுவலர் ஒருவர், வேலூர்

பதில்: நண்பர்கள் ஆங்கிலத்தைச் சரியாகவே படித்திருக்கிறார்கள். மதிப்பீட்டு ஆங்கிலத்தில் குறையை நேராகச் சொல்வது அநாகரிகமாகக் கருதப்படுவதால், பாராட்டின் உடையிலேயே குறை அனுப்பப்படுகிறது. 'ஸ்கோப் ஃபார் இம்ப்ரூவ்மென்ட்' என்றால் திருந்த வேண்டியது நிறைய இருக்கிறது. 'லீவ்ஸ் மச் டு பி டிசயர்ட்' என்றால் கிட்டத்தட்ட மோசம். 'நாட் அப் டு த மார்க்' என்றால் வைத்த கோட்டை எட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியாகிவிட்டது. 'அடிக்வெட்' இவற்றில் மென்மையானது: வேலை நடந்தது, குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட, அந்தச் சொல் எதற்காக வாசிக்கப்படப்போகிறது என்பதைப் பாருங்கள். தேவ் தத் என்பவருக்கும் இந்திய ஒன்றியத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது இதைப் பற்றித்தான். எல்லைப்புறச் சாலைத் துறைப் பொறியாளரான அவருக்கு ஓராண்டு ரகசிய அறிக்கையில் 'குட்' என்ற மதிப்பீடு கிடைத்திருந்தது. பதவி உயர்வுக்கோ ஐந்தாண்டுகளும் 'வெரி குட்' இருக்க வேண்டும் என்பது விதி. 'குட்' என்பது கெட்ட குறிப்பு அல்லவே என்பதால் அவருக்கு அது தெரிவிக்கப்படவும் இல்லை. பதவி உயர்வும் கிடைக்கவில்லை. பதவி உயர்வு வாய்ப்பைக் கெடுப்பதால் அந்தச் சூழலில் 'குட்' என்பதே பாதகமான குறிப்புதான் என்றும், எந்த மதிப்பீடாக இருந்தாலும் அதை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

எனவே உங்கள் அடுத்த பதவி உயர்வுக்கு என்ன தரநிலை கேட்கிறார்கள் என்பதை விதிகளில் பாருங்கள். 'அடிக்வெட்' அதற்குக் கீழே இருந்தால், உங்கள் துறை விதி அனுமதிக்கும் காலத்துக்குள், மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் 'ஐ ஆம் நாட் இனாடிக்வெட்' என்று எழுதாதீர்கள். அந்த ஆண்டில் செய்து முடித்த பணிகளைத் தேதியோடு குறிப்பிடுங்கள்.